உழைக்கிறவரைக் கண்டால் உடன் வேலை செய்கிறவர்களுக்கு ஏன் ஆவதில்லை?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். டிப்ளமோ முடித்து, ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடமாக ஆபரேட்டராக இருக்கிறீர்கள். ஷிஃப்ட் முடிந்த பிறகும் நின்று, மிச்ச வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புகிறீர்கள். சேர்ந்த புதிதில் தட்டிக் கொடுத்தவர்கள் இப்போது டீ குடிக்கப் போகும்போதுகூடக் கூப்பிடுவதில்லை. பின்னால் 'ஜால்ரா' என்று பேச்சு. "உழைக்கிறவனைக் கண்டா நம்ம ஜனங்களுக்கு ஏன் ஆகமாட்டேங்குது? இது நம்ம ஊர் குணமா? நானும் குறைச்சுக்கட்டுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். பாராட்டியவர்களே எந்த இடத்தில் திரும்பினார்கள்?

நான் சமூகப்பணியில் முதுகலை படித்தவன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனிகளின் பர்சனல் பிரிவில் பணிக்காலம் முழுவதும் இருந்து ஓய்வு பெற்றேன். மனநல மருத்துவர் இல்லை, ஆராய்ச்சியாளரும் இல்லை. சமூக உளவியலைப் படித்தது, தொழிலாளர் தகராறுகளில் நடுவில் உட்கார்ந்தது, இந்த இரண்டும்தான் என் கையிருப்பு. உங்கள் ஷிஃப்டை நான் பார்த்ததில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜனங்களுக்கு உழைப்பாளியைப் பிடிக்காது என்பதை முதலில் விட்டுவிடலாம். ஆராய்ச்சிகள் நேர் எதிராகச் சொல்கின்றன. 2023-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே பொருளை ஒரே அளவில், ஒரே தரத்தில் செய்யும் இரண்டு பேரை விவரித்தார்கள். ஒருவருக்கு அந்த வேலை சுலபமாக வருகிறது, இன்னொருவர் பாடுபட்டுச் செய்கிறார். பாடுபடுகிறவர்தான் ஒழுக்கமானவர், நல்லவர் என்று கேட்டவர்கள் மதிப்பெண் போட்டார்கள். அந்தப் பாட்டினால் கூடுதலாக ஒரு பொருள்கூட வரவில்லை என்று தெரிந்த பிறகும் அப்படித்தான். அமெரிக்கா, தென் கொரியா, பிரான்ஸ் மூன்றிலும் இதே போக்கு. நம்மூரில் வரன் விசாரிக்கப் போகிறவர்களிடம் "பையன் உழைப்பாளிங்க" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அதற்கு இருக்கிற மரியாதை உங்களுக்கே தெரியும். ஆக, தூரத்தில் இருந்து பார்க்கும்போது உழைப்புக்கு மதிப்பு உண்டு. பக்கத்தில் வந்து, என் கணக்கில் கை வைக்கும்போதுதான் சிக்கல். இதுதான் என் பதிலின் சாரம். மீதி எல்லாம் இதன் விளக்கம்.

ஷூவின் மேல்பகுதி தயாராகும் லைனைப் பார்த்தவர்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும். வெட்டி வந்த தோல் துண்டின் ஓரத்தைச் சீவி, சொல்யூஷன் தடவி, மடித்து, சுத்தியலால் தட்டி அடுத்த மேஜைக்குத் தள்ளுவார்கள். அங்கே தையல் மிஷின். ஒரு லைனில் மடிக்கிற இடத்தில் பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்துபோகும் ஒரு பெண் இருந்தாள். கை அப்படி ஒரு வேகம். அவள் சுத்தியல் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். அடுத்த மிஷினில் இருந்த அக்காவின் முன்னால் ட்ரே மேல் ட்ரே ஏறிக்கொண்டே போகும். மணிக்கு மணி உற்பத்தியை எழுதும் போர்டுக்கு வருகிற சூப்பர்வைசர் கண்ணில் முதலில் படுவது அந்தக் குவியல்தான். "என்னக்கா, தூங்கறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் ஒரு சத்தம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அது அந்தப் பெண்ணிடம் திரும்பும். "ஏன்டி, கம்பெனியை உன் பேர்ல எழுதி வைக்கப் போறாங்களா?" அக்காவைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டபோது அவர் சொன்னது இது: "நல்ல பொண்ணுதான் சார். ஆனா அவளால தினமும் எனக்குப் பேச்சு." இதைப் பொறாமை என்று எழுதி கோப்பை மூடிவிடலாம். நான் மூடவில்லை. அந்த அக்காவுக்கு அந்தப் பெண்ணின் வேகத்தால் உண்மையிலேயே நஷ்டம், அவ்வளவுதான். இரண்டு மேஜைக்கு இடையில் இன்னொரு ஆளைப் போட்டதும் பேச்சு குறைந்தது. முழுதாக நிற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இதையே பெரிய அளவில் கவனித்த ஒரு பழைய ஆய்வு உண்டு. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் தொழிற்சாலையில், 1931 நவம்பர் முதல் 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்கு ஒயர் பொருத்தும் 14 ஆண்களைத் தனி அறையில் வேலை செய்யவைத்தார்கள். ஓரமாக ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கூலி குழுக் கணக்கு. மொத்தமாக அதிகம் செய்தால் எல்லோர் பையிலும் கூடுதல் காசு. அப்படியிருந்தும் நாளைக்கு இரண்டு கருவி போதும் என்று அவர்களாகவே ஒரு வரம்பு வைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டுகிறவனுக்குப் பட்டப்பெயர், கேலி, தோளுக்குக் கீழே கையில் ஒரு குத்து. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்றை விட்டுவிடுவார்கள். ரொம்பக் குறைவாகச் செய்கிறவனுக்கும் அங்கே பட்டப்பெயர் இருந்தது, மேலதிகாரியிடம் போய்ப் போட்டுக்கொடுப்பவனுக்கும் இருந்தது. அதாவது அவர்கள் உழைப்புக்கு எதிரிகள் இல்லை. எல்லோரும் சேர்ந்து வைத்த வரம்புக் கோட்டை எந்தப் பக்கம் தாண்டினாலும் தண்டனை.

கோடு எதற்கு என்று கேட்டால், பயம். அதிகம் செய்து காட்டினால் நிர்வாகம் ரேட்டைக் குறைக்கும், இல்லாவிட்டால் பாதிப் பேர் போதும் என்று ஆள் குறைக்கும். அமெரிக்காவில் அது பெரும் பொருளாதார மந்தத்தின் உச்சகட்டம், வேலை போனால் தெருதான். தொழிலாளிகள் வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கிறார்கள் என்று குற்றம் சாட்டிய ஃப்ரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளரே, 1911-ல் எழுதிய புத்தகத்தில், வேகம் கூடினால் முதலாளி பீஸ் ரேட்டை வெட்டுகிற வழக்கம்தான் இதற்கு ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டார். எங்கள் பக்கம் ஸ்டாப் வாட்ச்சோடு ஒருவர் லைனுக்குள் வந்தால் போதும், நல்ல கைகாரிகளுக்கும் திடீரென்று நூல் அறுந்துகொண்டே இருக்கும். சிரிப்பாக இருந்தாலும் அது அறிவுள்ள செயல். அன்றைக்கு எடுக்கிற நேரம்தான் நாளைக்கு எல்லோருக்கும் டார்கெட்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஹாதார்ன் என்றதும் 'வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி கூடியது' என்ற கதை நினைவுக்கு வரும். அந்தப் பழைய தரவுகளைப் பின்னாளில் தோண்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதைக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ஒயர் அறையில் கவனித்ததும் வெறும் 14 பேரை, ஒரு கெட்ட காலத்தில். அதை வைத்து மனித குலத்துக்கே சட்டம் எழுதக் கூடாது. ஆனால் வேறு வேறு தொழிற்சாலைகளில் பிறகு வேலை செய்தபடியே கவனித்தவர்களும் இதே மாதிரி கோடுகளைக் கண்டிருக்கிறார்கள். அதனால் இந்தப் பகுதியை நான் உறுதியானது என்ற பக்கத்தில் வைக்கிறேன்.

இதற்கு மாறான காட்சியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. குடியாத்தம், வேலூர் பக்கம் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிறவர்களைப் பாருங்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒருத்தி கை வேகமாக ஓடினால் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை. "அவ கை மிஷினு மாதிரி" என்று பெருமையாகவே சொல்வார்கள், தன் மகளை அவளிடம் உட்காரவைத்துப் பழக்குவார்கள். அதே திண்ணையில், இலை வரத்து குறைந்து ஏஜென்ட் அளந்து கொடுக்கிற சமயம் வரட்டும். வேகமாக முடிக்கிறவளுக்கு இரண்டு கட்டு கூடுதலாகப் போய்விட்டால், நேற்றுவரை இருந்த பெருமை மாலைக்குள் வேறு பேச்சாகிவிடும். ஆள் அதே ஆள், கை அதே கை. மாறியது கணக்குதான்.

இப்போது ஊர் குணம் என்ற கேள்வி. 2008-ல் வெளிவந்த ஒரு பெரிய பரிசோதனை, உலகில் 16 நகரங்களில் நடந்தது. நான்கு பேர் கொண்ட குழு. ஆளுக்குக் கொஞ்சம் பணம். பொது உண்டியலில் எவ்வளவு போடுகிறோம் என்பது அவரவர் இஷ்டம். பிறகு, தன் காசைச் செலவழித்து மற்றவருக்கு அபராதம் போடலாம். குறைவாகப் போட்டவருக்கு அபராதம் விழுவது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதிகமாகப் போட்டவருக்கும் சிலர் அபராதம் போட்டார்கள். பாஸ்டன், மெல்போர்ன் போன்ற இடங்களில் இது ரொம்பக் குறைவு. ஏதென்ஸ், மஸ்கட் போன்ற இடங்களில் அதிகம். அந்தப் பதினாறில் இந்திய நகரம் ஒன்றுகூட இல்லை. அதனால் 'தமிழன் புத்தியே இப்படித்தான்' என்று டீக்கடையில் நண்டுக் கதை சொல்கிறவர்களுக்கு அதில் ஆதாரம் எதுவும் கிடைக்காது. அந்த ஆய்வாளர்கள் பார்த்தவரை, பொது விதிகளையும் சட்டத்தின் நடைமுறையையும் மக்கள் நம்பும் இடங்களில் இந்தக் குணம் குறைவாக இருந்தது. நம்பிக்கை இல்லாத இடத்தில் இது தலைதூக்குகிறது என்று எடுத்துக்கொண்டால், அது ஊரைவிட உங்கள் கம்பெனியைப் பற்றி அதிகம் சொல்லும். இந்தக் கடைசி வரி என் ஊகம்.

சரி, யாருக்கும் பைசா நஷ்டம் இல்லாதபோதும் முறைக்கிறார்களே என்று கேட்பீர்கள். அதுவும் உண்மைதான். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர், பொதுவுக்கு நிறையக் கொடுத்துத் தனக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிற ஒருவரைக் குழுவில் வைத்துப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு அவரால் லாபம் மட்டும்தான். இருந்தும் அவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று பலர் சொன்னார்கள், சுயநலக்காரரை அனுப்பச் சொன்ன அதே அளவுக்கு. காரணம் கேட்டால் இரண்டு விதமாகப் பதில் வந்தது. அவர் பக்கத்தில் நான் மோசமாகத் தெரிகிறேன் என்றார்கள் சிலர். எல்லோரும் செய்கிற மாதிரி அவர் செய்யவில்லை என்றார்கள் வேறு சிலர். இது மாணவர்களை வைத்துக் கணினி முன்னால் நடந்த விளையாட்டு. நாளெல்லாம் கூட நிற்கிற மனிதர்களிடம் எவ்வளவு பொருந்தும் என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அந்த முதல் பதிலை நான் நேரில் நிறையக் கேட்டிருக்கிறேன். யார் வாயிலிருந்து என்பதுதான் விசேஷம். உங்களைவிட ரொம்ப மூத்தவர் சொல்லமாட்டார், வேறு பிரிவுக்காரர் சொல்லமாட்டார். உங்கள் வயது, உங்கள் படிப்பு, உங்கள் கூடவே சேர்ந்த ஆள், அவருக்குத்தான் வலிக்கும். ஆப்ரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980-ல் இதைப் பரிசோதித்தார். சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் குறிப்பு கொடுக்கச் சொன்னார். இது முக்கியமான திறமையைச் சோதிக்கும் போட்டி என்று சொல்லப்பட்டவர்கள், முன்பின் தெரியாதவரைவிடத் தங்கள் நண்பருக்கே கடினமான குறிப்பைக் கொடுத்தார்கள். சும்மா விளையாட்டு என்றதும் நண்பருக்குத் தாராளமாக உதவினார்கள். உங்களைத் தட்டிக் கொடுத்தவர்களே ஒதுங்கியதில் எனக்கு ஆச்சரியம் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

அப்புறம் அந்த 'ஜால்ரா'. ரோஸ் வோங்க் என்ற டச்சு ஆய்வாளர் 1998-ல் காட்டியது: மேலே இருப்பவரிடம் ஒரு மாதிரி, கீழே இருப்பவரிடம் வேறு மாதிரி நடப்பவரைப் பற்றி மனிதர்கள் மிகச் சீக்கிரம், மிகக் கடுமையாக முடிவு கட்டுகிறார்கள். அதற்கு அதிக ஆதாரம்கூடத் தேவைப்படுவதில்லை. நீங்கள் அப்படி நடக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் கூடுதல் உழைப்பு முழுவதும் சூப்பர்வைசர் பார்க்கிற இடத்தில் மட்டும் நடந்தால், பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று யோசியுங்கள். காலை மீட்டிங்கில் "இவனைப் பார்த்துக் கத்துக்கங்க" என்று அவர் உங்கள் பெயரைச் சொன்னால் தீர்ந்தது. அவர் உங்களைப் பாராட்டவில்லை, உங்களை வைத்து மற்றவர்களைத் திட்டுகிறார். அந்தச் செலவு உங்கள் கணக்கில் எழுதப்படுகிறது.

நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது, ஷிஃப்ட் முடிந்த பிறகும் நிற்கிறேன் என்ற வரிதான். அந்த நேரத்துக்கு ஓ.டி. போடுகிறார்களா? 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலிருந்தே, சட்டம் வைத்த வேலை நேரத்துக்கு மேல் வேலை செய்தால் இரட்டிப்புக் கூலி என்பது தொழிலாளிக்கு உரிமையாக இருந்துவருகிறது. நீங்கள் சும்மா நின்று முடித்துக் கொடுக்கும் ஒரு மணி நேரம், வீட்டுக் கடனோ பிள்ளை ஃபீஸோ கட்ட வேண்டிய ஒருவருக்கு ஓ.டி.யாகப் போயிருக்க வேண்டிய நேரமாக இருக்கலாம். அப்படி இருந்தால் அவர் உங்களிடம் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. காய்த்த மரம்தான் கல்லடி படும் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். அவர்களில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

மேலே இருப்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. கடுமையாக உழைப்பதைக் காட்டிக்கொண்டே இருந்தால் பதவி உயர்வு தானாக வரும் என்று நம்பாதீர்கள். 2015-ல் வந்த ஓர் ஆய்வின்படி, கட்டுப்பாடும் பொறுப்பும் உள்ளவர் என்று பெயரெடுத்தவர் தலையில் மற்றவர்கள் மேலும் மேலும் வேலையை ஏற்றுகிறார்கள். அவருக்கு அது சிரமம் என்பதையும் குறைத்தே மதிக்கிறார்கள். 2011-ல் இன்னொன்று: தொழில்முறை இசைக் கலைஞர்களிடம் ஒரே கலைஞரின் பியானோ வாசிப்பைப் போட்டுக் காட்டி, ஒரு தரம் பிறவித் திறமைசாலி என்றும், ஒரு தரம் உழைத்து முன்னேறியவர் என்றும் சொன்னார்கள். உழைப்புதான் முக்கியம் என்று வாயால் சொன்ன அந்தக் கலைஞர்களே பிறவித் திறமைசாலிக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள். நம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இதைப் பெண்களிடம் இன்னும் அப்பட்டமாகப் பார்த்திருக்கிறேன். "நல்லா உழைக்கும் அந்தப் பொண்ணு" என்று பத்து வருடம் சொல்வார்கள், லைன் லீடர் இடம் காலியானால் "கெட்டிக்காரப் பையன்" ஒருவன் வந்து உட்காருவான். எந்தச் சாதியிலிருந்து வந்தவர் என்பதைப் பொறுத்தும் ஒரே உழைப்புக்கு வேறு வேறு பெயர் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன். இது என் அனுபவமாக மட்டும் சொல்கிறேன்.

குறைத்துக்கொள்ளவா என்றால், வேண்டாம் என்பேன். ஆனால் இடத்தை மாற்றுங்கள். கூலி இல்லாத கூடுதல் நேரத்தை நிறுத்துங்கள், அல்லது ஓ.டி. எழுதச் சொல்லிக் கேளுங்கள். எல்லோருக்கும் சுழற்சியில் வரட்டும் என்று நீங்களே சொன்னால் இன்னும் நல்லது. உங்களுக்கு அடுத்த ஸ்டேஷனில் இருப்பவரிடம், "என் வேகத்தால உங்களுக்கு ஏதாவது கஷ்டமா அண்ணே?" என்று ஒரு தரம் கேளுங்கள். உதவி செய்வதாக இருந்தால், செட்டிங் போடுகிற நுணுக்கம், ரிஜெக்ஷன் வராமல் பார்க்கிற வழி என்று அவருடைய சுமையைக் குறைக்கிற உதவியாக இருக்கட்டும். கேட்காமல் அவர் மிஷினில் கை வைக்காதீர்கள், அது குத்திக்காட்டுவது போல ஆகிவிடும். சூப்பர்வைசரிடம் தனியாகப் போய், மீட்டிங்கில் என் பெயரைச் சொல்ல வேண்டாம் சார் என்று கேட்பதில் தப்பே இல்லை. நான் இருந்த பக்கம் இருந்து சொல்கிறேன், நல்ல சூப்பர்வைசருக்கு அது உடனே புரியும்.

டீக்குக் கூப்பிடாதது வேறு, டூல் ஒளித்து வைப்பது வேறு. 2014-ல் வந்த ஓர் ஆய்வு, நன்றாக வேலை செய்கிறவர்களுக்கு வருகிற தொந்தரவு பெரும்பாலும் மறைமுகமாக வருகிறது என்றது: தகவல் சொல்லாமல் விடுவது, முதுகுக்குப் பின்னால் வேலையைக் கெடுப்பது. உங்கள் பீஸில் கைவைக்கிறார்கள், மிஷின் செட்டிங் மாறிக் கிடக்கிறது என்ற நிலை வந்தால் நான் மேலே சொன்ன எதுவும் போதாது. தேதி போட்டு எழுதி வையுங்கள். பர்சனல் பிரிவுக்கு எழுத்தில் கொடுங்கள். யூனியன் இருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள்.

ஒரு விவரம் மட்டும் தெரிந்தால் இன்னும் குறிப்பாகச் சொல்ல முடியும், தம்பி. உங்கள் கம்பெனியில் இன்சென்டிவ் தனி ஆளுக்கா, லைன் மொத்தத்துக்கா? போன வருடம் டார்கெட்டை ஏற்றினார்களா, ஏற்றியபோது யாருடைய உற்பத்தியைக் காட்டி ஏற்றினார்கள்?